நிற்காமல் போன டீசல் வண்டி

திங்கட்கிழமை காலை, புது பஸ் கல்கிணற்றுப்பட்டியில் நிற்காமல் போனது. செவ்வாய்க்கிழமையும் நிற்காமல் போனது. புதன்கிழமை நிற்காமல் போனதோடு, டிரைவர் சிரித்துக்கொண்டே கையை வேறு ஆட்டிவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்பைத்தான் வெள்ளைத்தாயால் தாங்க முடியவில்லை.

அவளுக்குப் பதினோரு வயது. சிவகாசியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அந்த ஊரிலிருந்து பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போகும் முதல் பெண் அவள்தான். மற்ற பெண்கள் எல்லாம் அதே பஸ்ஸில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போவார்கள். பஸ்ஸை விட்டால் ஆறு மைல் நடை.

எட்டு வருடமாக அந்த ரோட்டில் ஓடியது ஒரு கரி வண்டி. உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது வந்தது. அதன் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உலை இருக்கும். அதில் கரியை எரித்து, வரும் வாயுவில் வண்டி ஓடும். ஓடும் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பாதி நேரம் இருமும்.

அந்த வண்டிக்கு வழியில் தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் இருந்தது கல்கிணற்றுப்பட்டிக் கிணற்றில்தான். அதனால் பெண்கள் குடங்களோடு ரோட்டோரம் நிற்பார்கள். தூரத்தில் புகை தெரிந்ததும் ஒருத்தி குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவாள். வண்டி நிற்கும். தண்ணீர் குடிக்கும். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகும்.

போன வாரம் பஸ் முதலாளி கரி வண்டியைக் கழித்துவிட்டுப் பளபளவென்று ஒரு டீசல் வண்டி வாங்கினார். டிரைவரும் புதியவர். ஊர்ப் பெண்கள் வழக்கம்போல நிறைகுடத்தோடு போய் நின்றார்கள். தூக்கிக் காட்டினார்கள். கிடைத்தது வாய் நிறையப் புழுதி.

மூன்று நாளும் வெள்ளைத்தாய் நடந்தே போனாள். மூன்று நாளும் லேட்.

"நாளைக்கும் லேட்டா வந்தா வகுப்புக்குள்ள வராதே. அப்பாவைக் கூட்டிட்டு வந்து பேரை எடுத்துக்கிட்டுப் போயிரு" என்றார் செல்லக்கனி டீச்சர்.

"பஸ் நிக்கல டீச்சர்."

"தினமும் ஒரு காரணம் சொல்லாதே."

அவள் தினமும் சொன்னது அதே ஒரு காரணத்தைத்தான். இது என்ன நியாயம்?

வீட்டில் அம்மா மாரித்தாய் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மூன்று நாளாக நடைதான்.

"பேசாம என்கூடக் குச்சி அடுக்க வந்திரு, தாயி. நடக்கதுதான் நடக்கோம், ரெண்டு பேருமாச் சேந்து நடப்போம்."

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று வெள்ளைத்தாய்க்குத் தெரியும். அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

அன்று மாலை ஊரே கிணற்றடியில் கூடிவிட்டது.

"எட்டு வருசம் நம்ம தண்ணியைக் குடிச்ச பஸ் கம்பெனி. இப்ப அந்த டிரைவரு நம்மளைப் பாத்துச் சிரிக்கான்" என்றார் கோட்டைச்சாமிப் பெரியப்பா. "விடியட்டும். ரோட்டை மறிச்சு முள்ளை வெட்டிப் போடுதேன். டயரு அம்புட்டும் வெடிக்கட்டும்."

"போடுங்க" என்றார்கள் எல்லாரும். வெள்ளைத்தாயும் முதலில் அவர்களோடு சேர்ந்து தலையாட்டினாள். அப்புறம் யோசித்தாள். டயர் வெடித்தால் போலீஸ் வரும். பஸ் வரவே வராது. அதோடு, ஏன் நிற்கவில்லை என்று அந்த டிரைவரை ஒருவர்கூட இன்னும் கேட்கவில்லையே.

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். நன்றாக நாலு வார்த்தை திட்டியும் விடுவது என்று முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, சிவகாசிக்கு எதிர்த்திசையில் இரண்டு மைல் நடந்தாள். அங்கே மேலூருணியில் பஸ் நிற்கும். ஏறினாள். நேராக டிரைவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"டிரைவரையா, எங்க ஊர்ல ஏன் நிப்பாட்ட மாட்டேங்கீக? எதுக்கு எங்களைப் பாத்துச் சிரிக்கீக?"

"எந்த ஊரு தாயி?"

"கல்கெணத்துப்பட்டி."

டிரைவர் ஒச்சப்பனின் முகம் மலர்ந்தது. "குடத்தோட நிக்கிறவகளா? தங்கமான சனங்க. இது டீசல் வண்டி தாயி. புறப்படுறப்பத் தண்ணி ஊத்துனா சிவகாசி வரைக்கும் தாங்கும். அம்புட்டுப் பேரு தண்ணி வச்சுக்கிட்டு நிக்கையில, நிப்பாட்டி மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அதான் சிரிச்ச முகமா கையைக் காட்டிட்டுப் போறேன்."

வெள்ளைத்தாய் சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் வீணாய்ப் போனது. இவர் கேலி செய்யவில்லை. ஆனால் அடுத்த நொடியே முன்னதைவிடப் பெரிய கோபம் வந்தது.

"குடம் தெரிஞ்சிச்சுல்ல? குடத்தைப் பிடிச்சிட்டு நின்ன ஆளு தெரியலையா? எங்கம்மா கையில தூக்குச்சட்டி இருந்துச்சு. என் தோள்ல பை இருந்துச்சு. தண்ணி ஊத்த வாறவகளுக்குத் தூக்குச்சட்டி எதுக்கு?"

"ஒருத்தராச்சும் கையை நீட்டியிருந்தா நிப்பாட்டியிருப்பேனே தாயி."

"எட்டு வருசமாக் குடத்தைத் தூக்கினாத்தான் வண்டி நின்னுச்சு. வண்டிக்குத் தண்ணி வேண்டாம்னா, நாங்களும் வேண்டாமா?"

ஒச்சப்பன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது சிவந்திருந்தது.

"தப்புத்தான்" என்றார்.

"அப்படின்னா மெதுவாப் போங்க. அந்தத் திருப்பத்துக்கு அங்கிட்டு ரோட்டுல முள்ளு கிடக்கு."

பஸ் முள்ளுக்குப் பத்தடி முன்னால் நின்றது. கோட்டைச்சாமி அரிவாளோடு நடு ரோட்டில் நின்றார். பின்னால் பெண்கள், இடுப்பில் குடங்களோடு.

வெள்ளைத்தாய் முதலில் குதித்து இறங்கினாள். "பெரியப்பா, முள்ளை எடுங்க. அவுகளா நிப்பாட்டிட்டாக."

"அவனா நிப்பாட்டினானா? விடியலிலேயிருந்து வெட்டுதேன் ஏத்தா" என்றார் கோட்டைச்சாமி. வெடிப்பதற்கு ஒரு டயர்கூடக் கிடைக்கவில்லையே என்று அவருக்கு ஏமாற்றம்.

ஒச்சப்பன் இறங்கி வந்து கைகூப்பினார். "வண்டிக்குத்தான் தண்ணி கொண்டாறீகன்னு நினைச்சுப்புட்டேன். ஏறுங்க தாயி, எல்லாரும் ஏறுங்க." அவரும் குனிந்து முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டார்.

கண்டக்டர் இராமகிருஷ்ணன் ஒரு தாளைப் புரட்டினார். "நிக்கிற ஊர் லிஸ்ட்டுல இந்த ஊர் பேரே இல்லையே. கரி வண்டி தண்ணிக்காக நின்னதோட சரி."

எட்டு வருடம் ஏறி இறங்கிய ஊருக்குத் தாளில் பெயர்கூட இல்லை. வெள்ளைத்தாய் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினாள்.

"இப்ப எழுதிக்கிடுங்க."

கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார்.

"எழுதுப்பா. முதலாளிகிட்ட நான் பேசிக்கிடுறேன்" என்றார் ஒச்சப்பன்.

கண்டக்டர் எழுதினார். வெள்ளைத்தாய் எட்டிப் பார்த்து, ஒரு புள்ளி விடாமல் சரிபார்த்தாள்.

பெண்கள் குடங்களைக் கிணற்றடியில் இறக்கி வைத்துவிட்டு ஏறினார்கள். அம்மாவும் ஏறி, மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குருவம்மாள் மட்டும் தன் குடத்தை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, தெருக்கோடியிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் எதுக்குய்யா நிக்குது வண்டி?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ஆளுக்கு" என்றார் ஒச்சப்பன்.

குருவம்மாள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பஸ் நகர்ந்தது. வெள்ளைத்தாய் வகுப்புக்குள் நுழைந்தபோது முதல் மணி இன்னும் அடித்திருக்கவில்லை.