எட்டாம் பிளாப்பி

சனிக்கிழமை பகல் பதினொன்றேகாலுக்குப் புதுக் கணினி எட்டாம் பிளாப்பியைக் கேட்டது.

எட்டாம் பிளாப்பி இல்லை.

வயிரவன் பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தார். ஏழு இருந்தது. ஒன்பது இருந்தது. அவர் மதுரையிலிருந்து வந்த கணினி மெக்கானிக்.

போன வாரம் இடி விழுந்து, காரைக்குடியில் அந்த அச்சகத்தின் பழைய கணினி கருகிப்போனது. அதற்குச் சில நாள் முன்புதான், ஒரு விடுமுறை நாளில், அதில் இருந்த அனைத்தையும் அப்படியே பிளாப்பிகளில் படி எடுத்து வைத்திருந்தார்கள். இப்போது அவற்றை வரிசையாகப் புதுக் கணினியில் ஏற்ற வேண்டும். நடுவில் ஒன்று குறைந்தாலும் எதுவும் திறக்காது.

ஒன்பதைப் போட்டுப் பார்க்கலாமா என்று முதலாளி குமரப்பன் கேட்டார். வரிசை மாறினால் மொத்தமும் கெட்டுவிடும் என்றார் வயிரவன்.

குமரப்பன் வாசல் கதவைப் பாதி சாத்தினார். பிளாப்பி இருந்த அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம். இன்னொன்று சூசைமேரியிடம். அவள் அங்கே தட்டச்சு செய்பவள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

அவள் மகள் ஜெசி ஆறாம் வகுப்பு. பள்ளி விடுமுறை என்பதால் அன்று கூடவே வந்திருந்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை எதிர்த்த அச்சகத்துக்காரர் உங்க வீட்டுக்கு வந்தாராமே?" என்றார் குமரப்பன்.

"வேலைக்குக் கூப்பிட்டாக. வரலைன்னு சொல்லிட்டேன்."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

பதிலுக்குக் காத்திராமல் குமரப்பன் அவள் பையை வாங்கி மேசையில் கொட்டினார். சாப்பாட்டு டப்பா, குடை, ஜெபமாலை. பிளாப்பி இல்லை.

"சாயங்காலத்துக்குள்ள எட்டு வரணும். இல்லைன்னா திங்கக்கிழமை நீங்க வர வேணாம்."

ஜெசிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருந்தது. வந்தவர் வாசலில் நின்று மெல்லப் பேசினார். அம்மா அவளைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டாள். ஏன் அனுப்பினாள்?

ஜெசி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெசி எழுந்து தேடத் தொடங்கினாள். சுவர் ஓரம் காகிதம் அடுக்கும் தட்டுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருந்தது. கையை விட்டுத் துழாவினாள். ஐந்து. ஆறு. ஏழு. ஒன்பது.

"மாமா, எட்டாம் தட்டு எங்க?"

"நம்ம கடையில எட்டே கிடையாது. சனியோட நம்பர். என் கையால எழுத மாட்டேன்."

குமரப்பன் அதைப் பெருமையாகச் சொன்னார். எட்டாம் தேதி காலண்டர் தாளை ஏழாம் தேதியே கிழித்துவிடுவாராம். ஸ்கூட்டருக்கு எட்டு இல்லாத நம்பர் கிடைக்க நான்கு மாதம் நடந்தே திரிந்தாராம்.

ஜெசி மேசைக்கு வந்தாள்.

"பிளாப்பியில நம்பர் எழுதினது யாரு மாமா?"

"நான்தான். வயிரவன் படி எடுத்து எடுத்துக் குடுத்தாரு. நான் எழுதி அடுக்கினேன்."

"எத்தனை வாங்கினீக?"

"ரெண்டு பெட்டி. பெட்டிக்குப் பத்து."

ஜெசி எண்ணினாள். இன்னொரு முறையும் எண்ணினாள்.

"இருபதும் இருக்கு. ஆனா கடைசி நம்பர் இருபத்திரெண்டு. எட்டும் பதினெட்டும் இல்ல."

வயிரவன் ஒன்பதாம் பிளாப்பியைக் கையில் எடுத்தார். குமரப்பன் சூசைமேரியைப் பார்த்தார். பிறகு ஜெசியைப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

ஜெசி வயிரவனிடம் திரும்பினாள். அந்த ஒன்பதை ஏற்றாமல் உள்ளே மட்டும் பார்க்க முடியுமா என்று கேட்டாள். முடியும், ஆனால் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் அவர். சற்று யோசித்துவிட்டு, பார்த்துவிடலாம் என்றும் சொன்னார்.

திரையில் ஒரே ஒரு கோப்பின் பெயர் வந்தது. கணினி தானாகவே போட்ட பெயர். அதன் முடிவில் 008 என்று இருந்தது.

குமரப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் இருந்த எட்டு போகவில்லை.

இரண்டரை மணிக்கு இருபது பிளாப்பியும் ஏறி முடிந்தன. பாதியில் நின்ற கண்டனூர்க் கல்யாணப் பத்திரிகை அப்படியே திரையில் வந்தது. குமரப்பன் வாசல் கதவை முழுதாகத் திறந்தார். எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

ஜெசி அம்மாவின் அருகில் போய் உட்கார்ந்தாள். "நானும் சந்தேகப்பட்டேம்மா" என்று காதோடு சொன்னாள். அம்மா அவளுடைய டீயை ஆற்றிக் கொடுத்தாள்.

குமரப்பன் ஜெசியின் தலையைத் தட்டிக் கொடுத்தார். வேலை நிறையக் கிடக்கிறது, திங்கட்கிழமை அம்மாவைக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல் என்றார்.

ஜெசி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்றீக மாமா? அம்மா இங்குட்டுத்தானே உக்காந்திருக்காக?"