இறக்கத்தில் மூன்றாவது கியர்

1994 மார்ச் 9, புதன்கிழமை. பிரான்ஸின் காந்தால் மலைப்பகுதியில் உள்ள விக் ஊரில், எழுபத்தொரு வயது ஃபீர்மேன் வெசாட் தன் பழைய ரெனோ 4 காரை என் பட்டறைக்கு ஓட்டி வந்தார். அவர் மனைவி லியோன்தீன் இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

"என்ன தொந்தரவு, பெரியவரே?"

"மூணாவது கியர் நழுவ மாட்டேங்குது, அர்மான்."

"நழுவலைன்னா நல்லதுதானே?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் காரின் கோளாறு ஊருக்கே தெரியும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மூன்றாவது கியர் தானாக விடுபட்டு, வண்டி பிடிமானமில்லாமல் உருளும். அந்த மாதிரி காரில் கியர் கம்பி டாஷ்போர்டிலிருந்து குடைக்காம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும். பதினோரு ஆண்டுகளாக, கணவாய் உச்சிக்கு வந்ததும் ஃபீர்மேன் "பிடி" என்பார். பக்கத்து இருக்கையிலிருந்து லியோன்தீன் இடக்கையால் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொள்வார். அடிவாரத்தில் இவர் "வந்துட்டோம்" என்று சொன்ன பிறகுதான் விடுவார். கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கை மாற்றித் தருகிறேன் என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"ஸ்பிரிங் வந்துட்டா நான் எதுக்குடா?" என்று லியோன்தீன், அவர்கள் பாலாடைக்கட்டி விற்கும் சந்தையில் எல்லோர் முன்னாலும் சிரிப்பார். "இந்த மனுஷன் என்னை வீட்ல விட்டுட்டு, பாலாடைக்கட்டிய பக்கத்துல உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்துடுவாரு."

அன்று முற்பகலிலேயே கணவாய்க்கு ஏறினோம். நான் ஓட்டினேன். ஃபீர்மேன் பின்னிருக்கையில் ஏறினார்.

"முன்னாடி வாங்களேன்."

"வேணாம்ப்பா. அங்க வேணாம்."

உச்சியில் மூடுபனி. சாலையோரக் கல் ஒவ்வொன்றும் பக்கத்தில் வந்த பிறகே தெரிந்தது. மூன்றாவது கியரைப் போட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். பிறகு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

கம்பி நடுங்கியது. பாதிவரை வெளியே வந்தது.

நின்றது.

மெல்ல, தானே உள்ளே போனது.

கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. கற்பூரத் தைலம் மணத்தது. லியோன்தீன் மூட்டுவலிக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலம். என் வலப்பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பின்னாலிருந்து ஃபீர்மேன் கிசுகிசுத்தார். என்னிடம் அல்ல.

"இன்னைக்கு விரலு ரொம்ப வலிக்குதா?"

அடிவாரம் வந்ததும் அவரே, "வந்துட்டோம்" என்றார். கம்பி தளர்ந்து நியூட்ரலில் விழுந்தது.

பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தேன். வடித்த எண்ணெயில் உலோகத்தூள் மினுங்கியது. கியரைப் பூட்டி நிறுத்தும் ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. பற்கள் கூழாங்கல் போல மழுங்கியிருந்தன.

"இது ஒரு வளைவுக்குக்கூடத் தாங்காது பெரியவரே."

"தெரியும்."

"நீங்க சொன்னா அப்படியே மூடிடறேன்."

அவர் அந்த ஸ்பிரிங் துண்டுகளைக் கையில் எடுத்துச் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"அஞ்சு கிலோமீட்டர் இறக்கம். குளிர்ல அவளுக்கு விரல் மடங்காது, அர்மான். அவ கை என் பக்கத்துலயே இருக்கணும்னுதான் உன்னை இத்தனை வருஷம் மாத்த விடல. செத்தும் பிடிச்சுக்கிட்டு இருக்கா." தொப்பியால் முகத்தைத் துடைத்தார். "மாத்திடு. அவ கையை எடுக்கட்டும்."

மாற்றினேன். புதிய ஸ்பிரிங், நல்ல பற்கள். வெள்ளிக்கிழமை அவர் தனியாக ஓட்டிப் போனார்.

மூன்று வாரம் கழித்து, கணவாய் இறங்கிய கார் நேராக என் பட்டறை வாசலில் வந்து நின்றது. கியர் மூன்றாவதிலேயே இருந்தது.

"வெளிய வர மாட்டேங்குது," என்றார்.

எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். எங்கும் எதுவும் சிக்கியிருக்கவில்லை. மறுபடி கம்பியைப் பற்றியபோது அதன் குமிழ் பிசுபிசுத்தது.

கற்பூரம்.

"அடிவாரத்துல சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"யார்கிட்ட சொல்றது? அவ போயிட்டான்னுல்ல நெனச்சேன்."

அவர் உள்ளே உட்கார்ந்து, காலி இருக்கையின் பக்கம் குனிந்தார்.

"ஸ்பிரிங் மாத்தியாச்சு, லியோன்தீன். நீ பிடிக்க வேணாம்மா. விட்டுடு."

கம்பி அசையவில்லை.

அவர் அழுது முடிக்கும்வரை நான் வாசலில் நின்றேன். பிறகு அவர் குரல் கேட்டது.

"வந்துட்டோம்."

கம்பி தளர்ந்தது.

அந்த நவம்பரில் ஃபீர்மேன் தூக்கத்தில் இறந்தார். காரை ஓரியாக் நகரத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் வாங்கினார். டிசம்பர் 6 அன்று அது இழுவை வண்டியில் என் பட்டறைக்கு வந்தது. கணவாய் இறங்கிய பிறகு மூன்றாவது கியர் வெளிவரவில்லை என்றார்.

ஆசிரியை போன பிறகு, "வந்துட்டோம்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். என் குரலுக்குக் கம்பி அசையவில்லை.

கியர் பாக்ஸைப் பிரித்தேன். பழுது எதுவும் இல்லை.