முள் அசையாத வளைவு

"சார், நாலு பிரேக்குல எதை நான் சரியா மாட்டலைன்னு மட்டும் கண்டுபிடிங்க. தண்டனையை நான் வாங்கிக்கிறேன்," என்றார் மெக்கானிக்.

ஓய்வுபெற்ற வாகன ஆய்வாளர் அவரை உட்காரச் சொன்னார். பத்து நாட்களுக்கு முன் மெக்கானிக் தன் அக்கா கணவரின் காருக்கு பிரேக் மாற்றிக் கொடுத்திருந்தார். மறுநாள் மழையில் அந்தக் கார் இடப்பக்க வளைவு ஒன்றில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. அக்கா தப்பினார். தலையில் அடிபட்ட கணவரை அவரே வெளியே இழுத்துப் போட்டார். ஆட்கள் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

"பிரேக் பிடிக்கலைன்னு ஓட்டிக்கிட்டிருந்த மாமா கத்தினாராம், அக்கா சொன்னா." அன்று பூட்டிய பட்டறையை மெக்கானிக் இன்னும் திறக்கவில்லை.

ஆய்வாளரின் மைத்துனர் போட்டோகிராபர். கேமராவை மாட்டிக்கொண்டு அவரும் கிளம்பினார். நொறுங்கிய காரின் சக்கரங்களை ஆய்வாளர் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். வலப்பக்க ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து, கதவின் கைப்பிடியை விரலால் அளந்தார். மைத்துனர் வளைவை நாடா பிடித்து அளந்து வந்தார். "போகப் போக இறுகுது அத்தான், ஆரம் பாதிக்குப் பாதி."

மாலையில் அக்காவின் வீடு. தண்ணீர் கொடுக்க அவர் நீட்டிய வலது கையில், முழங்கைக்கு மேல் நீளமாகக் கன்றியிருந்தது.

"ஐம்பதுலதான் போனோம். ஸ்பீடு முள் அசையவே இல்லை. பிரேக்தான் கைவிட்டுடுச்சு," என்றார் அக்கா. கூட வந்திருந்த தம்பி தலை குனிந்தார்.

"பிரேக் நாலும் நல்லா இருக்கும்மா," என்றார் ஆய்வாளர். "முள் அசையலைன்னாலும் திசை மாறுதே, அதுவும் முடுக்கம்தான். டயரோட பிடிதான் காரை வளைவுக்குள்ள இழுக்கணும். வளைவோட ஆரம் பாதியா இறுகினா ரெண்டு மடங்கு பிடி வேணும். ஈர ரோட்டுல அது கிடைக்கலை."

"அப்போ யார் தப்பும் இல்லையே அத்தான்," என்றார் மைத்துனர் உற்சாகமாக.

"கார் இடப்பக்கம் திரும்பினா, உள்ளே இருக்கிற உடம்பு நேராவே போகப் பார்க்கும். அதனால வலப்பக்கம் மோதும். இடது சீட்டுல இருந்திருந்தா நீங்க உங்க கணவர் மேல சாய்ஞ்சிருப்பீங்க. உங்க கையில இருக்கிறது வலது கதவுக் கைப்பிடியோட அச்சும்மா."

மைத்துனரின் சிரிப்பு மறைந்தது. அக்கா புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டார்.

"வளைவு வருது, குறைன்னு அவர் சொன்னார். ஐம்பதுதானேன்னு எதிர்த்துப் பேசினேன். பிரேக்கை நான் மிதிக்கவே இல்லை."

"இத்தனை நாளா நான் சாப்பிடாததைப் பார்த்துக்கிட்டே தட்டு வச்சியே அக்கா," என்றார் தம்பி. குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

அக்கா எழுந்து ஒரு தாளை எடுத்து வந்து மேஜைமேல் விரித்தார்.

"போலீசுக்கு நானே எழுதித் தரேன். அவர் சாவைப் பத்தி அப்புறம். பிரேக் நல்லா இருந்துச்சுன்னு முதல்ல எழுதணும். எப்படி ஆரம்பிக்கணும், சொல்லுடா."