குச்சி எரிக்காத ஊர்

வீடே இல்லாத இடத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது.

சிவசக்தி இன்வெர்ட்டரின் சின்னத் திரையைச் சுவெட்டர் கையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். அவள் இருந்த மாதிரி வீட்டில் எரிந்தது ஒரே ஒரு விளக்கு. அதற்கான அளவைத் திரை தனியாக, சரியாகத்தான் காட்டியது. ஆனால் மனைகளுக்குப் போகும் கேபிளும் எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. மனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்து, ஓரத்தில் மின் இணைப்புக்கு ஒரு இரும்புப் பெட்டி நட்டுவைத்த வெறும் தரை. பெட்டிகளின் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் தொங்கியது. சுண்ணாம்புக் கோடு மின்சாரம் குடித்து அவள் கேள்விப்பட்டதில்லை.

மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. கரடியூர்ப் பக்கத்து மேட்டை முதலில் விழுங்கி, பிறகு கூரைமேல் இருந்த சோலார் தகடுகளை மூடி, இப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்துக்கு அப்பால் இன்னொரு மரம் இருக்கிறதா என்றே தெரியாதபடி நின்றுவிட்டது. சில்வர் ஓக் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தமும், பூசி முடித்த மண்சுவரின் பச்சை வாசனையும், இவற்றுக்கெல்லாம் அடியில், பள்ளத்து ஓடையில் சுற்றும் டர்பைனின் ரீங்காரமும் இருந்தன. யாராவது மின்சாரம் எடுத்தால் அந்த ரீங்காரம் தணியும், விட்டால் உயரும். மாதக்கணக்கில் கேட்டுப் பழகியதால், திரையைப் பார்க்காமலே அவளால் சொல்லிவிட முடியும். இப்போது அது தணிந்திருந்தது.

பாலகுமாருக்கு போன் போட்டாள். ஊரின் வரைபடத்தைப் போட்டவன் அவன், மின்சாரம் அவள் பொறுப்பு. இந்த நிலத்தை யாருக்குத் தருவது என்று முடிவு செய்ய நாளைக்குக் காலையில் வரப்போகும் குழுவை அழைத்து வர, அவன் குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கிப் போயிருந்தான்.

"ஈரம் இறங்கியிருக்கும்ங்க சிவசக்தி. மனைக்குப் போற லைனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்குங்க."

"ஆஃப் பண்ணிட்டா நாளைக்கு எந்த ஊரைக் காட்டறது? ஒத்த ஊட்டுக்கு விளக்குப் போட நாம எதுக்குங்க?"

அவனுக்கும் தெரியும். ஓடைத் தண்ணீரும் வெயிலும் தந்த மின்சாரத்தை வைத்தே ஓர் இரவு முழுக்க, ஒன்பது மனைகளுக்கும் லைன் உயிரோடு இருக்க, பேட்டரி காலியாகாமல் நின்று காட்ட வேண்டும். நின்றால், கேட்பாரற்றுக் கிடந்த இந்தப் பழைய எஸ்டேட் நிலம் ஒன்பது மலைக் குடும்பங்களுக்குக் கிடைக்கும். நிற்காவிட்டால் ரிசார்ட்டுக்குப் போய்விடும்.

ரிசார்ட் வந்தால் அவள் சொந்தக்காரர்கள் அதில் பாத்திரம் கழுவலாம், மெத்தை விரிக்கலாம், வாசலில் நின்று சலாம் போடலாம். குடியிருக்க மட்டும் முடியாது. அவள் அப்பா எஸ்டேட்டிலேயே உழைத்துத் தேய்ந்தவர். வேலை முடிந்ததும் குவார்ட்டர்ஸ் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வெள்ளக்கடையில் யாருடைய வீட்டுப் பின்னறையிலோ வாடகைக்கு இருந்து செத்துப்போனார். தன் மலையில் தனக்கென்று ஒரு அடுப்பு இல்லாமல் போன மனிதர். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் வயிறு எரியும். பலாமரத்தடியில் இருந்த கடைசி மனையைத் தனக்கென்று அவள் எடுத்துக்கொண்டது அந்த எரிச்சலில்தான்.

போனை வைத்தபோது வாசனை வந்தது.

விறகுப் புகை. ஈர விறகு முதலில் கண்ணைக் கரித்து, பிறகு பற்றிக்கொண்டு, அதன்மேல் யாரோ உலை வைத்து, கேழ்வரகு மாவைக் கொட்டிக் கிளறுகிற வாசனை. மனசு லேசாகிற வாசனைதான். ஆனால் பக்கத்தில் வீடு கிடையாது, இந்தப் பனியில் காட்டு வழியாக வருகிறவர்களும் கிடையாது. அதுவும் இந்த ஊரில் விறகே எரியக் கூடாது. அது அவள் போட்ட விதி.

பாலகுமார் போட்ட விதியும் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து ஒரு கல்கூட ஏற்றி வரக் கூடாது, இங்கே கிடைப்பதை வைத்தே கட்ட வேண்டும். நிலத்தில் மண்டியிருந்த உண்ணிப்புதரை வெட்டியபோது கிடைத்தவை அடுப்புக் கற்கள். மும்மூன்றாக, கரி பிடித்த பக்கம் மண்ணைப் பார்த்தபடி கிடந்தன. மலைக்காரியான அவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்கள் அடுப்புக்கல்லைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அதை நிமிர்த்துகிறவர்கள் அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தீ மூட்டி உலை வைத்துவிட வேண்டும். எஸ்டேட் வருமுன்னே இங்கே ஓர் ஊர் இருந்ததாம், ஒரே மழைக்காலத்தில் காலியானதாம். ஏன் காலியானது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

இன்று காலை மனை பூஜையில் அந்தக் கற்களைத்தான் கழுவி, ஒவ்வொரு மனைக்கும் நடுவில் மூன்றாக நிமிர்த்தி வைத்தாள். ஒன்பது குடும்பங்களில் மூத்தவரான வேடியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"நிமுத்தினா தீ மூட்டோணும் கண்ணு."

"மூட்ட மாட்டோமுங்க மாமா. கரண்டு அடுப்புதான். இந்த ஊருல ஒரு குச்சிகூட எரியாது." குனிந்து கல்லைத் தொட்டுத்தான் சொன்னாள். "இது என் வார்த்தை."

எல்லோரும் கைதட்டினார்கள். வேடியப்பன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிழவருக்குப் பழைய பயம் போகவில்லை என்று அவளும் விட்டுவிட்டாள்.

டர்பைன் இன்னும் தணிந்தது. ஒருவர் எடுப்பதுபோல் இல்லை. ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு வீடாக விளக்கேற்றுகிற சாயங்கால நேரத்தில் தணிவதுபோல், படிப்படியாகத் தணிந்தது. அவள் இப்படித்தான் தணியும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒன்பது குடும்பமும் குடிவந்த பிறகு.

வேடியப்பனைப் போனில் கூப்பிட்டாள்.

"மாமா, இங்க பொகை வாசம் வருதுங்க."

மறுமுனையில் கிழவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

"கல்லையெல்லாம் கவுத்துப்போட்டுட்டு இப்பவே வந்துரு சாமி. நம்ம வண்டிக்கார மாதையன அனுப்பறேன்."

"கவுத்தா?"

"கவுத்தா நம்ம சனம் யாரும் அப்பறம் அங்க குடியேற முடியாது. போவுது உடு. உசுரு இருந்தா வேற எடம் பாத்துக்கலாம்."

"எந்த எடம் மாமா? எங்கப்பன் தேடின எடமா?" குரல் உடைந்தது, கோபத்தில்தான். "வேற வழி சொல்லுங்க."

"தீ மூட்டோணும். அடுப்புக்குத் தீனி போட்டுக்கிட்டு எவ பக்கத்துலயே உக்காந்திருக்கறாளோ அவளுதுதான் ஊடு. ஆனா நீ கல்லத் தொட்டு வார்த்தை குடுத்துப்போட்டயே, கண்ணு. நொம்பத் தப்பு பண்ணிப்போட்ட."

"மாதையன அனுப்பாதீங்க. நான் வர மாட்டேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முதலில், ஒரு நிமிஷச் சோதனைக்காக, மனைகளுக்குப் போகும் சுவிட்சை இறக்கினாள். திரையில் அளவு பூஜ்யத்துக்குப் போனது. நல்லது. டர்பைன் உயர வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

உயரவில்லை.

சுவிட்சை மறுபடி ஏற்றிவிட்டு ஜன்னலுக்குப் போனாள். பனி நீலமாகி இருட்டத் தொடங்கியிருந்தது. அதற்குள் வெளிச்சம் தெரிந்தது. விளக்கின் வெளிச்சம் அல்ல. கதவு ஒருக்களித்த வீட்டுக்குள்ளிருந்து வெளியே விழுமே, அந்த மாதிரி நீளமான மஞ்சள் வெளிச்சம். ஒன்று. அதற்கு அப்பால் ஒன்று. சரியாகப் பாலகுமார் கோடு போட்ட இடங்களில். கதவு இல்லை. சுவர் இல்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது. ஒரு குழந்தை இருமியது. யாரோ அதட்டினார்கள்.

பயந்தாள், நன்றாகவே பயந்தாள். ஆனால் பயத்துக்குக் கீழே இன்னொன்று கிடந்து கொதித்தது. உயிரோடு இருக்கிறவர்கள் ஒருமுறை துரத்தினார்கள், இப்போது செத்தவர்களும் துரத்துவார்களா? எத்தனை தரம்தான் எழுந்து போவது?

"போக மாட்டேன்," என்று வாய்விட்டே சொன்னாள். "யாரு வந்தாலும் போக மாட்டேன்."

மூலையில் மிச்ச முளைக்குச்சிகள் கட்டாகக் கிடந்தன. காலைப் பூஜையின் கற்பூர டப்பாவும் இருந்தது. வார்த்தை போனால் போகட்டும், ஊர் நிற்கட்டும். கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

முதல் மனை. காலுக்கடியில் சுண்ணாம்பு நசநசத்தது. கோட்டைத் தாண்டியதும் குளிர் விலகி, வீட்டுக்குள் நுழைந்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. யாரும் இல்லை. மூன்று கற்கள் மட்டும் இருந்தன. கரி பிடித்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. குச்சிகளை அடுக்கி, கற்பூரம் வைத்து, பற்றவைத்தாள். தீ பிடித்தது. மஞ்சள் வெளிச்சம் சட்டென்று அவிந்தது. குளிர் திரும்ப வந்தது. பள்ளத்தில் டர்பைன் ஒரு படி உயர்ந்தது.

அவள் சிரித்துவிட்டாள். அழுகையும் கூடவே வந்தது.

அடுத்த மனை. குச்சி, கற்பூரம், தீ. இன்னொரு படி உயர்ந்தது. அடுத்தது வேடியப்பனுக்கு ஒதுக்கிய மனை. அங்கே அவள் பற்றவைக்கும்போது பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். திரும்பவில்லை. "இது எங்க மாமா ஊடு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் பற்றவைத்தாள். உயர்ந்தது. மனை மனையாக ஓடினாள். விரல் சுட்டது. ஷூவுக்குள் தண்ணீர் போனது. ஒவ்வொரு தீக்கும் ரீங்காரம் ஒரு படி ஏறியது. எட்டாவது மனையில் கடைசிக் குச்சியும் தீர்ந்தது. டர்பைன் பழையபடி உச்சத்தில் பாடியது.

யாரும் மின்சாரம் எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டாள்.

மிச்சம் அவளுடைய மனை. பலாமரத்தடி.

அங்கே ஏற்கெனவே தீ எரிந்துகொண்டிருந்தது.

ஒரு பெண் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. ஈரச் சேலை. அடுப்பின்மேல் பானை கொதித்தது. அவள் கிளறிக்கொண்டிருந்தாள். நிதானமாக, தன் வீட்டில் கிளறுகிற மாதிரி.

சிவசக்தி கோட்டைத் தாண்டி உள்ளே போனாள்.

"இது என் ஊடு. எந்திரிங்க."

கிளறுவது நின்றது.

"வாங்க," என்றாள் அந்தப் பெண். மரியாதையான குரல். கொஞ்சம் புகையேறின குரல். "குச்சி எரிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களேங்க. கல்லத் தொட்டுச் சொன்னீங்களே. அதேமாதிரிதானுங்க செய்யறோம்."

சிவசக்தி சுற்றி வந்து அடுப்பைப் பார்த்தாள்.

அடுப்புக்குள் விறகு இல்லை. அந்தப் பெண் காலை நீட்டி உள்ளே விட்டிருந்தாள். முழங்கால் வரை. பாதம் எரிந்து தணலாகியிருந்தது. தணல் குறைந்தபோது உட்கார்ந்தபடியே நகர்ந்து, காலை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். அவள் முகத்தில் வலி தெரியவில்லை. வீட்டுவேலை செய்கிற முகம்தான்.

பின்னால் எட்டு மனைகளிலும் தீ எரிந்துகொண்டிருந்தது. சிவசக்தி திரும்பிப் பார்த்தாள். அவள் அடுக்கிய முளைக்குச்சிகள் ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் உருவப்பட்டு, அணைக்கப்பட்டு, பத்திரமாக ஓரத்தில் சாத்திவைக்கப்பட்டிருந்தன. அடுப்பைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள், பெண்கள், மடியில் குழந்தைகள். எல்லோருடைய கால்களும் ஒரே பக்கம் நீண்டிருந்தன. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். காலையில் கைதட்டியவர்கள் பார்த்த மாதிரியே, பெருமையாக.

"நல்ல ஊருங்க," என்றாள் அந்தப் பெண். "நாங்க போறதா இல்லீங்க. நீங்க போறீங்களா?"

நகர்ந்து இடம் விட்டாள். அடுப்புக்கு எதிரே ஒரு ஆள் உட்கார்கிற இடம். கற்களுக்கு நடுவே இன்னும் ஒரு கால் போகிற இடம்.

தூரத்தில், வேண்டாம் என்றும் வேடியப்பன் அனுப்பிய மாதையனுடைய வண்டி ஹாரன் அடித்தது. ஒருமுறை. இன்னொருமுறை. அப்புறம் அதுவும் பனிக்குள் போய்விட்டது.

"போக மாட்டேன்," என்றாள் சிவசக்தி.

பள்ளத்தில் டர்பைன் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, குனிந்து, ஷூ நாடாவை அவிழ்த்தாள்.