ஜன்னலோரத்தில் முளைத்த ஊசிகள்

வில்டேவின் அப்பா ஹோகோன் இடிந்துபோயிருந்தார். பல வருட உழைப்பு அந்த வாரம் மண்ணாகிப் போயிருந்தது.

திரோம்சோ நகரத்துக்கு வடக்கே, ஆழ்கடலில், ஒரு கடற்பஞ்சு வாழ்கிறது. எந்த மருந்துக்கும் அடங்காத ஒரு கிருமியைக் கொல்லும் பொருள் அதன் உடம்பில் இருக்கிறது. ஆனால் படகு நிறைய அள்ளினாலும் ஒரு சிட்டிகைதான் தேறும். அதற்காகக் கடலையே வழித்தெடுக்க முடியுமா? அதே பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்துவிடலாம் என்று அப்பா இறங்கினார். செய்தும் முடித்தார். கிருமியின் மேல் ஊற்றிப் பார்த்தார்கள். கிருமி இன்னும் கொழுகொழுவென்று வளர்ந்தது.

"எங்கே தப்பு பண்ணினீங்கப்பா?"

"அதுதான் தெரியல கண்ணு. அது கற்கண்டு மாதிரி படிகமா உறைஞ்சா, படம் எடுத்து உள்ளே எப்படி இருக்குன்னு பார்த்துடலாம். இது தேன் மாதிரியே நிக்குது. குளிர வெச்சாச்சு, குடுவையைச் சுரண்டியாச்சு, கெஞ்சியும் பார்த்தாச்சு."

சனிக்கிழமை இருவரும் அவருடைய மேசையைக் காலி செய்யப் போனார்கள். ஆய்வுக்கூடத் தலைவி தோர்குன் வாசலில் தயங்கி நின்றார்.

"திங்கட்கிழமை புது ஆள் வர்றாங்க, ஹோகோன். இனிமேலும் என்னால தள்ளிப்போட முடியல."

"பரவாயில்ல. எல்லாம் குப்பைதானே."

அப்பா தன் வேலையைக் குப்பை என்று சொல்லி வில்டே கேட்டதே இல்லை.

கையுறை மாட்டிக்கொண்டு அவள் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அப்பா அவற்றைக் கழிவுக் குடுவையில் கவிழ்த்தார். ஜன்னலோரத்தில், பெட்டிக்குப் பின்னால், மெல்லிய குழாய் ஒன்று கிடந்தது. இலையுதிர் காலத்தில் எப்போதோ அப்பா கழுவ மறந்துவிட்டது. மூடி விரிசல் விட்டிருந்தது.

"அப்பா, இதுக்குள்ளே ஊசி ஊசியா என்னமோ முளைச்சிருக்கு."

"தூசியா இருக்கும். கொடு." அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார்.

வில்டே குழாயை உற்றுப் பார்த்தாள். சட்டென்று அதை ஜன்னலோரக் குளிரிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

"தரமாட்டேன்."

"வில்டே, என்னைச் சோதிக்காதே."

"என் கைச்சூட்டுல அது கரையுதுப்பா. தூசி கரையுமா?"

அப்பா மெதுவாகத் திரும்பினார். குழாயில் எழுதியிருந்ததைப் படித்தார். அவர் செய்த பொருளேதான், படிகமாகியிருந்தது. பிறகு குனிந்தவர் நிமிரவே இல்லை.

தோர்குன் வந்து பார்த்தார். "யாரும் கதவைப் படார்னு சாத்தாதீங்க," என்று கிசுகிசுத்தார். தூங்கும் குழந்தையைச் சுற்றி நடப்பது போல எல்லோரும் பூனைநடை நடந்தார்கள்.

"கழுவாம விட்டதுக்கு உன்னைத் திட்டணும், ஹோகோன்."

"அப்புறமா திட்டு."

புதன்கிழமை அந்தப் படிகத்தின் படம் வந்தது. வில்டே பள்ளி முடிந்து ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவந்தபோது, அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூலக்கூறுல ஒரே ஒரு மூலை எதிர்ப்பக்கமா திரும்பிடுச்சு, அதான் கிருமி சாகல," என்றார். "ரெண்டாவது வருஷத்துலயே. அதுக்கு மேலதான் எல்லாத்தையும் கட்டியிருக்கேன்."

"அப்போ எல்லாமே வீணா?"

"அதுக்கப்புறம் செஞ்சதெல்லாம் வீண்."

வில்டேவுக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு படத்தைக் காட்டினாள். "அதுக்கு முன்னாடி செஞ்சது?"

அப்பா படத்தின் மேல் விரலை ஓட்டினார். "அது சரியாத்தான் இருக்கு."

வாசலில் நின்ற தோர்குன் தொண்டையைக் கனைத்தார். "புது ஆளுக்குப் பாதி மேசை போதும். மீதி உனக்கு. கழுவு தொட்டிப் பக்கம்தான் கிடைக்கும், முகத்துல தண்ணி தெறிக்கும். சம்மதமா?"

அப்பா தலையாட்டினார். பென்சிலை எடுத்து, அந்த மூலையில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இங்கேயிருந்து ஆரம்பிக்கணும்."

குரலில் இன்னும் சோர்வு இருந்தது. முகத்தில் சிரிப்பும் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டதும், அந்த வாரத்திலேயே முதல் தடவையாக வில்டேவுக்கு நன்றாகப் பசித்தது.