கரிசலில் கிடந்த துடிப்பு

எங்கள் ஊரில் சண்டை போடுவதென்றால் முதலில் தார்ரோட்டுக்கு ஏற வேண்டும். உழுது விதைக்கிற காட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம். தார் எதையும் பிடித்து வைக்காது. கரிசல் பிடித்து வைக்கும். ஒருவன் பேசிய பேச்சு வருசக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கிறதென்று கண்டுபிடித்தார்கள். அதை எடுக்க மண்செவி என்றொரு மிஷின் செய்தார்கள். கோர்ட்டும் அதைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து களையெடுக்கிற பெண்களுக்குக்கூடக் கைச்சாடைதான்.

என் மகன் காசிராசன் அதில்தான் மாட்டினான். பக்கத்துக் காட்டு இருளப்பன் தன் கிணற்றுமேட்டில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். போலீஸ் மண்செவியை வைத்தது. "இன்னைக்கு ஒன்னைய உசுரோட விடமாட்டேன்!" என்று என் மகன் குரல் வந்தது. இருளப்பன் மாடு எங்கள் பருத்தியில் இறங்கிய ஆத்திரம். ரோட்டுக்கு ஏறும்வரை பொறுக்காமல் கத்தியிருக்கிறான் மடையன். அதற்குப் பிறகு அந்த மண்ணில் வேறு குரலே இல்லை. ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள்.

மேல்முறையீட்டை நேரில் விசாரிக்க நீதிபதி தில்லைநாயகி எங்கள் ஊருக்கே வந்தார். காட்டோரத் தார்ரோட்டில் நாற்காலி போட்டார்கள். ஸ்பீக்கரும் அங்கேதான். கீழே மண்ணில் புது மிஷினின் ஊசிகளை நட்டிருந்தார்கள். இது காலடியையும் உடம்புத் துடிப்பையும் சேர்த்து எடுக்குமாம். என் மகன் விலங்கோடு நின்றான். எதிரே இருளப்பன் பெண்சாதி சீனித்தாய்.

"பழைய மிஷின் பொய் சொல்லுச்சாக்கும்?" என்று நீதிபதியிடம் கேட்டேன்.

"பொய் சொல்லல பெரியவரே. பாதிதான் கேட்டுச்சு."

"அப்ப இது முக்கால்வாசி கேக்கும்."

"கொன்னவன் அப்பனுக்கு நக்கலப் பாரு!" என்று சீனித்தாய் காறித் துப்பினாள்.

மிஷினை முடுக்கினார்கள்.

அன்றைக்கு அவர்கள் மிதித்த இடமெல்லாம் கரிசல்மேல் நீல வெளிச்சமாக எழுந்தது. என் மகன் கத்தினான். கத்திய கையோடு திரும்பி எங்கள் காட்டுக்கு நடந்தான். ஒவ்வொரு அடியும் தெரிந்தது. இருளப்பன் கிணற்றுமேட்டுக்கு ஏறினான். கால் சறுக்கியது. கல்லில் மோதிய சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. பக்கத்தில் ஒரு ஆள் அடிகூட இல்லை.

பிறகு அது வந்தது. டப்... டப்... குப்புறக் கிடந்தவனின் நெஞ்சு மண்ணில் அடித்த அடி. செத்துப்போனவனின் உயிர் எங்கள் எல்லோர் காதிலும் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். எந்தச் சாமி முன்னாலும் நான் அப்படி நின்றதில்லை.

பக்கத்துக் காட்டில் என் மகனின் நீல அடிகள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. கூப்பிடு தூரம்தான்.

"விரலால மண்ணைப் பிறாண்டியிருக்கார். நெனவோடதான் இருந்திருக்கார்," என்றார் நீதிபதி. அவர் குரல் இறங்கிவிட்டது. "ரொம்ப நேரம் உசுரு இருந்திருக்கு. இவர் கொல்லல. வெலங்கை அவுத்துவிடுங்க."

சீனித்தாய்க்கு அது காதில் விழுந்ததோ என்னவோ. ரோட்டைவிட்டு இறங்கி ஓடினாள். கிணற்றுமேட்டில் விழுந்து மண்ணில் வாயை வைத்துக் கத்தினாள். "பக்கத்துலதானய்யா ஆளு நின்னுச்சு! ஒரு சத்தம் குடுத்தா என்ன? காட்டுல பேசக் கூடாதுன்னு சாகும்போதுமாய்யா பாப்பாக?"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. மிஷினை நிறுத்தவும் யாருக்கும் கை வரவில்லை. டப்... டப்... இடைவெளி நீண்டுகொண்டே போனது.

விலங்கு கழன்றதும் என் மகன் என்னிடம் வருவான் என்று நினைத்தேன். அவன் ரோட்டிலிருந்து குதித்து, கரிசலைத் தாண்டி, கிணற்றுமேட்டைப் பார்த்து ஓடினான்.

"அண்ணே, இந்தா வந்துட்டேன்! அண்ணே, இந்தா வந்துட்டேன்!"