துணைக்கு ஐந்துக்கு ஐந்து

“மெதுவா பேசினா மட்டும் கேக்காதா? அண்ணன் லைன்ல இருக்காரு.”

“இருக்கட்டும். கேட்டு என்ன கிழிச்சிடப் போறாரு உங்கண்ணன்?”

“ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் விளையாடினா இங்க என்ன குடியா முழுகிடும்?”

“நாப்பதைத் தொடப் போற. இன்னும் பொம்மைய ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்க. வை அத கீழ.”

“கைய விடுங்க. வலிக்குதுங்க. விடுங்கன்னு சொல்றேன்ல.”

இத்தனையும் கண்ணாடிக்காரரின் ஹெட்போனுக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தது. பேசியது அவருடைய தங்கையும் தங்கை புருஷனும். அவர்கள் இருப்பது வேறு ஊரில், பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கிற தொலைவில். சண்டை அவருக்குப் புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து காதில் விழுந்து விழுந்து, ஃபேன் சத்தம் மாதிரி பழகிப்போன சண்டை. புதிதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை கத்தவில்லை. எப்போதும் ஓடு பெயர்ந்து விழுகிற மாதிரிக் கத்துகிறவர், இன்றைக்குத் தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் போல, அத்தனை மெதுவாகப் பேசினார்.

கண்ணாடிக்காரர் என்றால் நிஜமாகவே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான். வாரமெல்லாம் கடையில் ஆட்களை உட்காரவைத்து, “இது தெளிவா இருக்கா, இல்ல அதுவா?” என்று கண் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கேம் விளையாடி ஒரு இணையதளத்தில் விமர்சனம் எழுதுவார். அந்தத் தளத்தில் அவருக்கு அதுதான் பெயர். இருவர் ஆடுகிற கேம் வந்தால் துணை எப்போதும் தங்கைதான். சின்ன வயதில் அவர் அவளுக்கு வைத்த பேர் வாலு. வாலு ஒழுங்காக ஆடமாட்டாள். பேய்க்கு முன்னால் போய் பொம்மையை டான்ஸ் ஆடவிடுவாள், சுவரில் முட்டுவாள், மாட்டிக்கொண்டால் “அண்ணா, என்னை விட்டுட்டு ஓடிடாதடா” என்று சிரித்துக்கொண்டே கூவுவாள்.

அன்றைக்கு அவர்கள் ஆடிக்கொண்டிருந்த கேம், விற்பனைக்கு வருவதற்கு முன்னால் விமர்சனத்துக்கென்று அனுப்பிவைத்த பிரதி. பேர் ‘கீழ்த்தளம்’. பூட்டிக் கிடக்கிற ஒரு நீச்சல்குளக் கட்டடத்துக்கு அடியில் இரண்டு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முழங்கால் அளவு தண்ணீர், உரிந்து தொங்கும் குழாய்கள், பாசி பிடித்த நீல ஓடுகள், எங்கேயோ நின்று நின்று ஓடும் ஒரு பம்பு, அதன் சத்தத்துக்கு நடுவில் ‘சொத்… சொத்…’ என்று நடந்து வருகிற ஒன்று. அதற்கு உருவம் சரியாகத் தெரியாது. நீளமான கைகள் மட்டும் அவ்வப்போது விளக்கில் படும். ஈரக்கால் என்று அதைச் சொல்வார்கள். ஈரக்காலுக்குக் கண் கிடையாது. காதுதான். விளையாடுகிறவர் வீட்டில் மைக்குக்கு முன்னால் ஒரு தம்ளர் உருண்டால்கூட, கேமுக்குள் அது திரும்பிப் பார்க்கும். அதனால் உள்ளே பேச்சே கூடாது. கையால் காட்டுகிற சைகைதான். வா. நில். காதில் கை வைத்தால், கவனி, ஏதோ கேட்கிறது.

வாலு வீட்டுச் சண்டை கேமுக்குள் கேட்டுவிட்டது. சொத் சொத் என்ற நடை நின்றது. திரும்பியது. வேகமாக வர ஆரம்பித்தது.

“அட, இது வேற,” என்று முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடிக்காரர் தங்கையின் மைக்கைத் தன் பக்கத்தில் அடைத்துவிட்டார். ஒரு பொத்தான்தான். ஹெட்போனுக்குள் சட்டென்று அமைதி. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். ஈரக்காலும் வழி தெரியாமல் நின்று, விலகிப் போனது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அந்த ‘அப்பாடா’வைத்தான் அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

அவர் தன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். “ஒண்ணுமில்ல. வழக்கமானதுதான். மாப்பிள்ளை ஏதோ சொல்லிட்டிருக்காரு.”

“அப்ப ஒரு போன் போட்டுக் கேளுங்களேன். அவ உங்களைத் தவிர யார்கிட்ட சொல்லுவா?”

“புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நடுவுல போய் நின்னா நாமதான் பொல்லாதவங்களாவோம். இத முடிச்சிட்டுப் போடறேன். மத்த தளத்துக்காரங்களுக்கு முன்னாடி விமர்சனம் வரணும்னு எங்க தளத்து ஆசிரியர் உயிர வாங்குறாரு.”

அவள் உள்ளே போனாள். வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. திரைச்சீலையின் ஓரத்தில் இருந்த மஞ்சள் கோடு சாம்பலாகி, பிறகு இல்லாமல் போனது.

வாலுவின் பொம்மை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. இடுப்பில் கட்டிய விளக்கு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அது மெல்லத் தலையைத் தூக்கி, அவர் பின்னால் நடந்து வந்தது.

கண்ணாடிக்காரருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தார். கேமோடு வந்த விளம்பரத்தில் போட்டிருந்தான்: கூட ஆடுகிறவர் எழுந்து போனால் கேமே துணையாக வரும், அவர் பழக்கத்தைப் படித்துவைத்துக்கொண்டு அவர் மாதிரியே ஆடும். சரி, வாலு எழுந்து போய்விட்டாள், இனிமேல் மெஷின். அதுவும் நல்லதுதான், இந்தத் துணை எப்படி ஆடுகிறது என்று எழுத வேண்டுமே.

ஆனால் மெஷின் வாலு மாதிரி ஆடவில்லை. முட்டவில்லை, குதிக்கவில்லை. அவர் நடந்தால் முழங்கால் தண்ணீர் சளசளவென்று விலகியது. அது நடந்தபோது தண்ணீர் அசையவே இல்லை. ‘துணை நடக்கும்போது தண்ணீர் அசைவதில்லை, படத்தில் குறை, அரை மதிப்பெண் கழிக்கலாம்’ என்று குறித்துக்கொண்டார்.

அது அடிக்கடி நின்றது. நின்று, காதில் கை வைத்தது.

அவர் நின்று கவனித்தார். ஈரக்கால் தொலைவில் எங்கோ இருந்தது. ஒன்றுமில்லை. நடந்தார்.

மறுபடி காதில் கை.

“ஒண்ணுமில்லயே, எதுக்கு சும்மா சும்மா காட்டுது?” என்று அலுத்துக்கொண்டார். அறைக்கு அறை, திருப்பத்துக்குத் திருப்பம், அவர் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அது காதில் கை வைத்துக்கொண்டே நின்றது. ஒரு இடத்தில் ஓடிவந்து அவர் பொம்மையின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. வந்த வழியைக் காட்டியது. அவர் பொம்மை கையை உதறிக்கொண்டு முன்னால் போனது. அலுப்பு மெல்ல வியப்பாக மாறியது. ஒரு மெஷினுக்கு இவ்வளவு பயம் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? தோளைக் குறுக்கிக்கொண்டு, ஒரு கையால் தன் கழுத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறதே. அப்படி ஒரு சைகை இந்தக் கேமில் இருப்பதாக எங்கேயும் போடவில்லையே.

கடைசிக் கதவு இரும்பு. மேலே தூக்குகிற கதவு. சுவரில் உள்ள சக்கரத்தை ஒருவர் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் மற்றவர் தாண்ட முடியும். தாண்டியவர் மாடி ஏறிச் சுற்றிவந்து மேலிருந்து கயிறு போட்டு மற்றவரைத் தூக்கலாம். அல்லது நேரே வாசலைத் திறந்து வெளியே போய்விடலாம். கயிற்று வழி நீளம். ஆசிரியரிடமிருந்து மறுபடியும் குறுஞ்செய்தி வந்திருந்தது.

அது சக்கரத்தைப் பிடித்தது. இரண்டு கையாலும். பின்னால் சொத் சொத் என்று நடை நெருங்கியது. அவர் குனிந்து தாண்டினார். திரும்பிப் பார்த்தார். சக்கரத்தை விடாமல், கழுத்தை மட்டும் திருப்பி, அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மெஷின்தானே.

அவர் வாசலைத் திறந்து வெளியே போய்விட்டார்.

இந்தக் கேமில் ஒருவர் வெளியே போனால் அவருக்கு ஆட்டம் முடிந்தது. திரும்ப நுழைய முடியாது. உள்ளே மிச்சமிருப்பவரைக் கண்காணிப்புக் கேமராவில் பார்ப்பது போலத் திரையில் பார்க்கலாம், வெளியே இருப்பவர் மைக்கும் உள்ளே கேட்கும், அவ்வளவுதான். அவர் பார்க்கவில்லை. டிவியை மட்டும் அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். படம், மூன்றரை. ஒலி, நான்கு. துணைக்கு வந்தபோது கை தானாக ஓடியது. ‘இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு துணையைப் பார்த்ததில்லை நண்பர்களே. நிஜமாகவே ஒரு உயிர் பயந்து நம்மிடம் கெஞ்சுவது போல இருக்கிறது. விட்டுவிட்டு வரும்போது மனசு என்னவோ செய்தது. ஐந்துக்கு ஐந்து.’

அனுப்பினார். டீ குடித்தார். “வாலுவுக்கு போன் போட்டீங்களா?” என்று மனைவி கேட்டதற்கு “இதோ” என்றார்.

போன் அடித்தது. ஆசிரியர்.

“அண்ணே, விமர்சனம் பிரமாதம். ஒரே ஒரு சந்தேகம். மெஷின் துணைன்னு எழுதியிருக்கீங்களே, எந்த மெஷின்?”

“ஆள் எழுந்து போனா வருமே, அது.”

“அது இந்தப் பிரதியில கெடையாதுண்ணே. கடைக்கு வரும்போதுதான் சேக்கப் போறாங்களாம், இப்பத்தான் கம்பெனிகிட்ட கேட்டேன். இதுல ஒரு ஆள் பாதியில எழுந்து போயிட்டா ஆட்டம் அப்படியே நின்னுடும். உங்க கூட ஆடினது ஆள்தான்.”

கண்ணாடிக்காரர் போனை வைத்தார். தங்கை நம்பரை அழுத்தினார். அழுத்திக்கொண்டே, ஏன் என்று தெரியாமல், டிவியைப் போட்டார்.

அது அங்கேயேதான் இருந்தது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு. அவர் திரும்பி வருவதற்காகக் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

“சொல்லுங்க மச்சான்.” மாப்பிள்ளை. அதே மெதுவான குரல்.

“வாலு எங்க மாப்பிள்ளை?”

“தூங்குறா.”

“இல்ல, கேம்ல… இப்பவும் அவ…”

“கேமா? அத அப்பவே வயரப் புடுங்கிட்டேனே. தலவலின்னா. தூங்குறா மச்சான். நாளைக்குப் பேசுங்க.”

போன் ஒரு காதில். மறு கையால் ஹெட்போனை எடுத்து மறு காதில் வைத்தார். அந்தப் பொத்தானை அழுத்தினார். மைக் திறந்தது.

“தூங்குறா,” என்றது போன்.

“தூங்குறா,” என்றது ஹெட்போன்.

போன் துண்டிக்கப்பட்டது. ஹெட்போன் துண்டிக்கப்படவில்லை. குழாய் திறக்கும் சத்தம். வாளி நிறையும் சத்தம். யாரோ தரையை அழுத்தி அழுத்தித் துடைக்கும் சத்தம். திரையில் சொத் சொத் என்ற நடை நின்று, அந்தச் சத்தத்தின் பக்கமாகத் திரும்பியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிகிற விதத்தில்தான் நடந்தது. போலீஸுக்குச் சொன்னது, வண்டி பிடித்துப் போனது, அந்த வீட்டு வாசலில் செருப்புகள் ஒழுங்காக அடுக்கியிருந்தது, மாப்பிள்ளை சட்டை மாற்றிக்கொண்டு அவர்களோடு போனது. கழுத்தில் கை அடையாளம் என்றார் டாக்டர். எப்போது நடந்திருக்கும் என்றும் சொன்னார். கண்ணாடிக்காரர் கணக்குப் பார்த்தார். அவர் மைக்கை அடைத்தபோது. அப்போது கேமில் முதல் கதவைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. வயர் பிடுங்கித்தான் கிடந்தது. அவள் விளையாடுகிற கேம் பெட்டி தொட்டால் ஜில்லென்று இருந்தது.

காரியமெல்லாம் முடித்து வீட்டுக்கு வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது.

விட்டுப் போனது போலவே அவள் நின்றாள். சக்கரம். இரண்டு கை.

அவர் வீட்டில் இப்போது யாரும் சத்தம் போடுவதில்லை. மிக்ஸி ஓடுவதில்லை. அன்றைக்குப் பிறகு எந்த மைக்கையும் அடைக்க அவருக்குக் கை வரவில்லை. மனைவி ஜாடையில் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவர் போவதில்லை. கரண்டு போனால் என்ன செய்வது என்று பாட்டரி வாங்கி வைத்திருக்கிறார். விமர்சனத்துக்குக் கீழே ஆட்கள் எழுதுகிறார்கள்: ‘துணை நிஜமாவே அவ்வளவு நல்லா இருக்கா கண்ணாடிக்காரரே? வாங்கலாமா?’ அந்த ஐந்தை அழிக்கப் போனார். முடியவில்லை.

நேற்று ஆசிரியர் போன் செய்தார். விமர்சனப் பிரதிகளையெல்லாம் வெள்ளிக்கிழமையோடு கம்பெனி நிறுத்துகிறதாம், அதற்கப்புறம் அவை ஓடாதாம்.

“அணைச்சிட்டுப் படுங்கண்ணே. போனவங்க போயிட்டாங்க.”

“போகலப்பா,” என்றார் கண்ணாடிக்காரர், மைக்குக்குக் கேட்காதபடி.

இன்று காலையிலிருந்து நடைச் சத்தம் இல்லை. நின்றுவிட்டது. ஏன் என்று அவர் திரைக்குப் பக்கத்தில் போய், கடையில் வைத்திருக்கிற லென்ஸை வைத்துப் பார்த்தார். அவள் விளக்கு மங்கியிருந்தது. சக்கரம் தெரிந்தது. சக்கரத்தில் அவள் விரல்கள் தெரிந்தன.

அவள் விரல்களுக்கு மேலே இன்னும் விரல்கள்.

நீளமானவை. சொட்டுகிறவை. அவளை ஒன்றும் செய்யவில்லை. அவளோடு சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தன. நான்கு கைகள். கதவு முன்னைவிட உயரமாகத் தூக்கியிருந்தது.

அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் விமர்சனத்தைத் திறந்து அதன் அடியில் எழுதினார்:

‘நண்பர்களே, கண்ணாடிக்காரன் எழுதறேன். கீழ்த்தளம் கேம்ல வெளிய வந்துட்ட ஆள் திரும்ப உள்ள போறதுக்கு ஏதாவது வழி இருக்கா? குறுக்கு வழி, திருட்டு வழி, எதுவா இருந்தாலும் பரவாயில்ல. அங்க இருந்து திரும்பி வர வழி வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு பதில் போடுங்க. தெரியாதவங்களும் ஒரு வார்த்தை பதில் போடுங்க, நான் முழிச்சுத்தான் உக்காந்திருக்கேன். போன் மட்டும் பண்ணாதீங்க. சத்தம் கேட்டா அது திரும்பிப் பாக்குது.’